சோப்பு டப்பாவில் இருந்த மெட்டி

மணிமொழி முதன்முதலாக மெட்டி போட்டுக்கொண்டது காலேஜ் பஸ்ஸில். உடையார்பாளையம் தாண்டி பஸ் குலுங்கிக்கொண்டு போகும்போது குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கால் விரல்களிலும் ஏற்றினாள். மெட்டி அவளுடையது இல்லை. மாப்பிள்ளை என்று யாரும் இல்லை.

"இறுக்குதுடி" என்றாள் பக்கத்திலிருந்த அபிநயாவிடம்.

"புருசன் வந்தா பழகிடும்."

பஸ்ஸே சிரித்தது. மணிமொழியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

நாங்கள் அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் கடைசி வருஷம். என் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன் நான். அவள் வீட்டில் அவள். எனக்குச் சீட்டு கிடைத்ததுமே எங்கள் தெருப் பையன்கள் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் போர்டே வைத்தார்கள். அதில் என் படத்தைவிட அவர்கள் படங்கள்தான் பெரிதாக இருந்தன, இருந்தாலும் பெருமைதான். மணிமொழிக்கு யாரும் போர்டு வைக்கவில்லை. அவள் அப்பா இராமலிங்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். அம்மா கலியம்மாள் செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்புகளில் கூலிக்குக் கொட்டை பொறுக்குகிறவர். மகள் வயதுக்கு வந்தபோது கலியம்மாள் சொன்ன மொத்தப் பாடமும் இதுதான்: "யார்ட்டயும் சொல்லாத. துணிய வெளிய காயப்போடாத." ஏன் என்று கேட்டதற்கு, "பொட்டப் புள்ளைக்கு என்ன கேள்வி" என்று பதில் வந்தது.

அதனால்தானோ என்னவோ, மகப்பேறு பாடம் என்றால் மணிமொழி உயிரை விடுவாள். எங்கள் வகுப்பில் அவளுக்குத்தான் அதில் முதல் மார்க்.

ஆனால் அந்தப் பாடத்தை நாங்கள் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். செய்முறைக் கூடத்தில் இடுப்பு மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. யாரோ பழைய பேட்ச் அதற்கு ராஜாத்தி என்று பெயர் வைத்திருந்தது. கருத்தடைக்கான காப்பர்-டி போடுவது, எடுப்பது எல்லாம் ராஜாத்திக்குத்தான். ராஜாத்திக்கு வலிக்காது, வாயும் கிடையாது. அடுத்து ஆலோசனை சொல்லும் பயிற்சி. ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி பிள்ளை பெற்றவள். நர்ஸ் வரிசையாகச் சொல்ல வேண்டும்: வணக்கம், உட்காருங்கள், எத்தனை குழந்தைகள், இன்னின்ன முறைகள் உள்ளன. பிள்ளை பெற்றவளாக நடிப்பவள் கடைசியில், "நன்றி சிஸ்டர், நான் காப்பர்-டி போட்டுக்கொள்கிறேன்" என்பாள். சாப்பாட்டு மணி அடிக்கும் நேரமாக இருந்தால் இன்னும் சீக்கிரமாகவே ஒப்புக்கொள்வாள்.

இப்படித் தேறிவிட்டுத்தான் ஆண்டிமடத்துக்கும் வரதராஜன்பேட்டைக்கும் நடுவில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போனோம். பையன்களுக்கும் அந்தப் பாடம் உண்டு, பரீட்சை உண்டு. ஆனால் பெண்களைப் பார்க்கும் இடத்தில் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் எங்களை யாரும் விடமாட்டார்கள். நான் இந்தப் பக்கம் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கத்தான் முடியாது, பேசுவது எல்லாம் கேட்கும்.

முதல் நாள் மணிமொழியின் முன்னால் உட்கார்ந்தது காத்தாயி என்கிற அம்மா. மருமகளைக் கூட்டிவந்திருந்தார். மணிமொழி வணக்கம் சொல்லி, "கருத்தடை முறைகள்" என்று தொடங்கினாளோ இல்லையோ, காத்தாயி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு இரு. ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்லம்மா."

"புள்ள?"

"அது எப்படிம்மா..."

"அதத்தான் நானும் கேக்குறேன். எந்திரிடி" என்று மருமகளை எழுப்பினார். போகும்போது திரும்பி, "போயி மொதல்ல ஒருத்தனக் கட்டிட்டு வா தாயி, அப்பறம் எங்களுக்குச் சொல்லித் தருவ" என்றார். வெளியே வரிசையில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் எடை பார்த்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

அன்று பெண்கள் ஹாஸ்டலில்தான் சோப்பு டப்பா வெளியே வந்தது. சீனியர் அக்காக்கள் போகும்போது ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போகும் சொத்து அது. உள்ளே நான்கைந்து ஜோடி மெட்டிகள், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய மட்டச் சாமான். யாருக்குப் பயிற்சியோ அவர்கள் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து கழற்றி வைக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எதிரே உட்காரும் பெண்ணின் கண் நர்ஸின் முகத்துக்கு வருவதற்கு முன்பு காலுக்குப் போகும். மெட்டி இருந்தால் வாய் திறக்கும். எங்கள் ஆசிரியை கிருஷ்ணம்மாள் மேடத்துக்கும் இது தெரியும். "நான் எதையும் பாக்கல" என்பார், பார்த்துக்கொண்டே.

மெட்டி வேலை செய்தது. அதே பெண்கள், அதே மணிமொழி. வெள்ளைப்படுவது, வலி, பயம், புருஷன் குடித்துவிட்டு வருவது என்று எல்லாம் கொட்டினார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டு, புத்தகத்தில் இல்லாததை எல்லாம் நானும் படித்தேன்.

அப்போதுதான் அம்பிகா வந்தாள். இது அவள் நிஜப் பெயர் இல்லை. மணிமொழி வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. வீட்டிலேயே முந்திரிக் கொட்டை உடைப்பவள். விரல் நுனியெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருந்தது.

"எங்க வூட்டுக்காரரு கேரளாவுல ரோட்டு வேல, சிஸ்டர். பொங்கலுக்கு வருவாரு, தீவாளிக்கு வருவாரு. அவரு பஸ் ஏறிப் போயிடுவாரு, எனக்கு வாந்தி வந்துடும்." அவளே சிரித்தாள். "ரெண்டும் பொட்ட. எங்க மாமியா பேரன் வேணுங்குது, ஆபரேசன்னு வாயெடுத்தா வூட்டுக்குள்ள சேக்காது. எனக்கு இன்னொண்ணு தாங்காது சிஸ்டர். வெளிய தெரியாத மாரி எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

மணிமொழி மாத்திரையைச் சொன்னாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைச் சொன்னாள், காப்பர்-டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் என்ன தொந்தரவு வரலாம் என்றும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.

அம்பிகா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிவிட்டுக் கேட்டாள்: "நீங்க என்ன வெச்சிருக்கீங்க?"

ராஜாத்தி இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வகுப்பில் நடித்த யாரும் கேட்டதில்லை.

"காப்பர்-டிதான்க்கா."

"வலிச்சிதா?"

"எறும்பு கடிச்ச மாரி."

"அப்ப எனக்கும் அதையே போட்டுவுடுங்க."

டாக்டர் பரிசோதித்து, ஸ்டாஃப் நர்ஸ் அக்கா அன்றைக்கே போட்டுவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மணிமொழிக்குக் கைதட்டல். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்தோம்.

அடுத்த மாதமே அம்பிகா திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறது, இடுப்பு கழன்று விழுகிறது என்றாள். மணிமொழி புத்தகத்தில் இருந்ததைச் சொன்னாள். ஆரம்ப மாதங்களில் அப்படி இருக்கும், போகப்போகக் குறையும், குறையாவிட்டால் எடுத்துவிடலாம்.

"அத வுடுங்க. உங்களுக்கு எப்ப நின்னுச்சி?"

"மூணு மாசத்துல."

"மூணு மாசமா? அப்ப நானும் பல்லக் கடிச்சிட்டு இருந்துக்கறேன்." அம்பிகா தெம்பாக எழுந்து போனாள். டாக்டரைப் பார்க்கச் சொன்னதற்கு, "நீங்கதான் சொல்லிட்டீங்களே" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மணிமொழி யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். என்னிடமும் கேட்டாள்.

"நான் சொன்னது தப்பா? புக்குல அதான இருக்கு?"

"தப்பில்ல."

"அப்ப அது பொய்யா இல்லையா?"

"பொய்தான்."

"ரெண்டும் எப்பட்றா இருக்கும்? அவ வலிய எந்த நம்பிக்கையில பொறுத்துட்டு இருக்கா? புக்கு மேல இல்ல. எனக்கு வராத வலி மேல. நெஜத்தச் சொன்னா புடுங்கிப் போட்டுட்டுப் போயிடுவா, தீவாளிக்கு அவரு வந்துடுவாரு. சொல்லலேன்னா ரத்தம் போயிட்டே இருக்கும். நான் என்ன பண்றது?"

எனக்குத் தெரியவில்லை. முதல் பட்டதாரி என்று போர்டில் இருந்த முகத்தோடு அவள் முன்னால் நின்றேன். ஹாஸ்டலில் பாதிப் பேர் "பேசாம இரு" என்றார்கள். மீதிப் பேர் "சொல்லிடு" என்றார்கள். அபிநயா இரண்டு பக்கமும் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறுநாள் அவளே எனக்குச் சொன்னாள். அம்மா கலியம்மாளோடு துணி எடுக்க ஜெயங்கொண்டம் வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சிஸ்டரு! நல்லாருக்கீங்களா? அண்ணன் வரலியா?"

அம்பிகா. இரண்டு பிள்ளைகளோடு.

"எந்த அண்ணன்?" என்றார் கலியம்மாள். அவருக்கு மகனே கிடையாது.

"அதான்ம்மா, உங்க மருமவன்."

கலியம்மாள் கையிலிருந்த பை கீழே வந்தது. அதை எடுக்கக் குனிந்த அம்பிகாவின் கண் மணிமொழியின் காலில் நின்றது. லீவு நாள், மெட்டி சோப்பு டப்பாவில் இருந்தது. அம்பிகா நிமிர்ந்தபோது குரலே மாறியிருந்தது.

"அய்யய்யோ. சிஸ்டர், அவருக்கு எதாச்சும்..." மணிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"எவருக்குடி? எவனுக்கு என்னாச்சி? மொழி, வாயத் தொறடி!" என்று அம்மா இந்தப் பக்கம் உலுக்கினார்.

ஒரு பக்கம், இல்லாத புருஷனுக்காக அழத் தயாராக நிற்கிறவள். இன்னொரு பக்கம், அதே இல்லாத புருஷனைச் செருப்பால் அடிக்கத் தயாராக நிற்கிற அம்மா. 'பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்' என்ற பொய் நாக்கு நுனி வரை வந்ததாம். ஆனால் கையைப் பிடித்திருந்த அம்பிகாவின் விரல்கள் அந்த வெயிலிலும் சில்லென்று இருந்திருக்கின்றன. ரத்தம் இல்லாத கை.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலக்கா. நீங்கல்லாம் பேசணும்னுதான் மெட்டி போட்டுட்டு வந்தேன்."

அம்பிகா மறுபடி அவள் காலைப் பார்த்தாள்.

"அப்ப... அது?"

"எனக்கு இல்ல."

"மூணு மாசத்துல நின்னுச்சின்னீங்க?"

"புக்குல இருக்குக்கா."

அம்பிகா கையை விட்டாள். பெரியவளை இழுத்துக்கொண்டு, பின்னால் திரும்பாமல் ஆண்டிமடம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வரை கலியம்மாள் திட்டினார். எவனாவது இருக்கிறானா என்று சத்தியம் வாங்கினார். பிறகு சத்தம் அடங்கி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, முன் சீட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அது என்னது அது? எங்க வெப்பாங்க?"

மணிமொழி காதோடு காதாகச் சொன்னாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

"எனக்கு ஒன் தங்கச்சி பொறந்தப்ப ரேகை வாங்குனாங்க. வயித்துல என்னமோ பண்ணாங்க. எதுக்குன்னு இந்நாள் வரைக்கும் எவளும் சொல்லல" என்றார் கலியம்மாள். கொஞ்சம் கழித்து, "நீ பொய்யோ நெசமோ, என்னத்தையோ சொல்லித்தான் பண்ணியிருக்க" என்றார்.

இதை எனக்குச் சொன்னபோது மணிமொழி கேட்டாள்: "எங்கம்மா என்னைத் திட்டுச்சா, பாராட்டுச்சா?" அதுவும் எனக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணம்மாள் மேடத்திடம் அவளே போய்ச் சொன்னாள். வராந்தாவில் நாங்கள் நாலைந்து பேர் நின்றோம். மேடம் முதலில் கத்தினார். "ஊர் முழுக்கப் பரவிடும். இனிமே எந்தப் பொம்பள நம்ம காலேஜ் புள்ளைங்கள நம்புவா?" பிறகு நாற்காலியில் சாய்ந்து, "நாங்க படிக்கையில மஞ்சக் கயித்தையே கட்டிட்டுப் போயிருக்கோம். நீங்க மெட்டியோட நின்னுட்டீங்க" என்றார். எங்களுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

"பொய் சொல்லாம அவங்கள எப்படி மேடம் பேச வைக்கிறது?" என்று மணிமொழி கேட்டாள்.

"அது சிலபஸ்ல இல்லம்மா" என்றார் மேடம். சொன்ன பிறகு அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவர் போல எங்களைப் பார்த்தார்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். மணிமொழி வெறும் கால் விரல்களோடு போய் உட்கார்ந்தாள். பெண்கள் அவள் காலைப் பார்த்துவிட்டு, மெட்டி போட்டிருந்த அபிநயா முன்னால் போய் நின்றார்கள். வெகுநேரம் அவள் எதிரே இருந்த ஸ்டூல் காலியாகவே இருந்தது. பிறகு அம்பிகா வந்து அதில் உட்கார்ந்தாள்.

"எடுத்துவுடு" என்றாள். 'ங்க' போயிருந்தது.

"சரிக்கா. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம், உங்க இஷ்டம். நர்ஸ் அக்காவக் கூப்புடறேன்."

மணிமொழி எழுந்ததும் அம்பிகாவே, "இரு" என்றாள். "எங்க, அந்த மெட்டியக் காட்டு."

மணிமொழி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அம்பிகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம்.

"தூ, பித்தள. வெள்ளிப் பூச்சி போயிருக்கு. இதப் பாத்தா நான் ஏமாந்தேன்?" சிரித்தாளா என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குத் தெரியவில்லை. "அன்னிக்கு நீ ஊசியப் பத்தி என்னமோ சொன்ன. நான் காதுலயே வாங்கல. நீ எத வெச்சிருக்கன்னு கேட்டு அதையே வெச்சிக்கலாம்னு உக்காந்திருந்தேன். இப்ப மொதல்லேருந்து சொல்லு."

மணிமொழி முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை அம்பிகா "ம்" கொட்டவில்லை. இடையிடையே மறித்தாள். "ஊசி போட்டா மாசாமாசம் வராம நின்னு போவுமா?" நிற்கலாம், தாறுமாறாகவும் வரலாம், அதனால் கெடுதல் இல்லை. "நின்னு போனா எங்க மாமியா நான் முழுவாம இருக்கேன்னு நெனச்சிக்குமே, அதுக்கு என்ன சொல்றது?"

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"அத நான் பாத்துக்கறேன். இந்தக் காப்பர்-டிய இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா நின்னுடுமா?"

"நெறைய பேருக்குக் கொறையும். உங்களுக்குக் கொறையுமான்னு எனக்குத் தெரியாது. வலி எப்படியிருக்கும்னும் தெரியாது. எறும்பு கடின்னு சொன்னது சும்மா."

"எறும்பாம்" என்றாள் அம்பிகா. "தேளு."

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் பரிசோதித்து, சத்து மாத்திரை எழுதச் சொன்னார். அம்பிகா காப்பர்-டியை எடுத்துக்கொண்டாள். டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு ஊசி போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது மணிமொழி அவள் பின்னாலேயே வாசல் வரை ஓடினாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. அத எடுத்தது வலியாலயா, நான் பொய் சொன்னதாலயா?"

அம்பிகா செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள்.

"தெரியல" என்றாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஊசிக்கு அவள் வந்தபோது எங்கள் பயிற்சி முடிந்திருந்தது. வந்தாள் என்று நர்ஸ் அக்கா போனில் சொன்னார். வீட்டில் என்ன சொன்னாளோ, மாமியார் என்ன நினைத்தாரோ, எதுவும் தெரியாது.

இப்போது மணிமொழி அதே கல்லூரியில் செய்முறைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆலோசனைப் பயிற்சியில் இனிமேல் பிள்ளை பெற்றவளாக மணிமொழிதான் உட்கார வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். நான் போன மாதம் சர்டிபிகேட் வாங்கப் போனபோது அந்த வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முத்தமிழ் என்கிற பெண் நர்ஸாக உட்கார்ந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று மறித்தாள் மணிமொழி.

முத்தமிழ் திரும்பி மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஜன்னலைப் பார்த்தார். "இல்லம்மா" என்றாள் முத்தமிழ். மணிமொழி எழுந்து நடந்தாள். வகுப்பே திகைத்துப்போய்ப் பார்த்தது. கதவு வரை போய்த் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்து, "எனக்கு இத எடுத்துவுடு" என்றாள்.

"ஏன்ம்மா, ரத்தம் அதிகமா போவுதா? வீட்டுல எதாச்சும் சொன்னாங்களா?"

"தெரியல."

"அக்கா, நீங்க தெரியலன்னா நான் அடுத்து என்ன சொல்றது? பயிற்சிக்குப் போற எடத்துல நிஜமாவே நெறைய பேரு எந்திரிச்சிப் போயிடுறாங்கக்கா. அந்த சோப்பு டப்பாவயும் நீங்களே வெச்சிருக்கீங்களாம்."

டப்பா மணிமொழியின் மேஜையில்தான் இருந்தது, ராஜாத்தியின் பக்கத்தில். அவள் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் மேடத்தின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"போங்க, சாப்புடுங்க" என்றார் மேடம்.

முத்தமிழ் மட்டும் எழவில்லை. "மொதல்லேருந்து சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

மணிமொழி நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொல்லு" என்றாள்.